ரிப்போர்ட்டில் உள்ள மூன்று வரிகள்

(அக்டோபர் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் நம் சங்க உறுப்பினரும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தருமான ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)

மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச முதலில் ஒரு டாக்டர் அம்மாவைத்தான் அழைத்திருந்தார்கள். அவருக்கு அவசரமாக ஓர் அறுவை சிகிச்சை வந்துவிட்டது. செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள்தான் உங்கள் தங்கையின் ஃபைலை வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட புத்தகம் படித்தீர்களே சார், அதைச் சொல்லுங்கள்" என்றார். நான் பி.காம். முப்பத்தைந்து வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். சிகிச்சை பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. எந்த மாத்திரை நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது, மாமோகிராம் எடுப்பது எல்லாம் டாக்டர் அம்மா அடுத்த முறை வரும்போது சொல்வார்.

நான் சொல்ல வந்தது வேறு. மார்பகத்தில் கட்டி என்று வந்து, சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு இன்னொரு தாள் வரும். அதில் மூன்று வரிகள் இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. பக்கத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று போட்டிருக்கும். சிலதில் 1+, 2+ என்று இருக்கும். வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. "கேன்சர்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் மற்றது எதுவும் கண்ணில் படாது. ஆனால் அடுத்த ஐந்து வருஷம் நோயாளி என்ன மருந்து சாப்பிடப் போகிறார், வீட்டுக்கு எவ்வளவு செலவு, திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று வரியில்தான் இருக்கிறது. கடன் பத்திரத்தில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வட்டி விகிதம் போட்ட வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது மாதிரிதான் இதுவும்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நம் உடம்பில் ஒரு செல் தன்னிஷ்டத்துக்கு இரண்டாகப் பிரியாது. வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுவரும் சிறு புரதங்களுக்குத்தான் வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். இதைக் கண்டுபிடித்த கதையே சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற வேதியியலாளர், ரீட்டா லெவி மொன்டால்சினி என்ற இத்தாலியப் பெண்மணியோடு சேர்ந்து நரம்பு வளர்ச்சியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். எலிக்குட்டி கண் திறக்க வழக்கமாக இரண்டு வாரம் ஆகும். ஊசி போட்ட குட்டிகள் ஒரு வாரத்திலேயே கண்ணைத் திறந்து பார்த்தன. நரம்புக்கும் கண் இமைக்கும் என்ன சம்பந்தம்? வேறு யாராவது இருந்தால் ஏதோ கலப்படம் என்று தள்ளியிருப்பார்கள். கோஹன் விடவில்லை. அந்தச் சாற்றில் தோலின் செல்களை வளரத் தூண்டும் இன்னொரு பொருள் இருப்பதைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஈ.ஜி.எஃப்., மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இரண்டு பேருக்கும் 1986ல் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ச்சிக் காரணி என்பது வவுச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் மேல்சுவரில் அதை வாங்கிக்கொள்ள ஒரு கவுண்டர் இருக்கும். அதற்கு ஏற்பி என்று பெயர். வவுச்சர் கவுண்டரில் வந்து பொருந்தினால் உள்ளே செய்தி போகும், செல் பிரியும். வவுச்சர் வரவில்லை என்றால் செல் சும்மா இருக்கும். கையில் காயம் பட்டால் தோல் மூடுவதும், கர்ப்ப காலத்தில் பால் சுரப்பிகள் வளர்வதும் இந்த ஏற்பாட்டினால்தான். ஆகவே வளர்ச்சிக் காரணி என்ற பெயரைக் கேட்டதும் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள்.

"வெளிப்பாடு" என்று ஒரு சொல்லையும் இந்தக் கட்டுரைகளில் அடிக்கடி பார்த்தேன். எனக்கு முதலில் புரியவில்லை. நம் வங்கியில் எல்லாக் கிளைக்கும் ஒரே விதிப் புத்தகம்தான். ஆனால் கிராமக் கிளையில் பயிர்க்கடன் பக்கம் கிழிகிற அளவுக்குப் புரட்டியிருப்பார்கள், அந்நியச் செலாவணி பக்கம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். செல்லும் அப்படித்தான். எல்லாச் செல்லிலும் ஒரே ஜீன்கள்தான். எந்த ஜீனைப் பார்த்து எவ்வளவு புரதம் தயாரிக்கிறது என்பதுதான் வெளிப்பாடு. மார்பகப் புற்றுநோயில் இந்த வளர்ச்சிக் காரணிகளும் அவற்றின் ஏற்பிகளும் தேவைக்கு மேல் வெளிப்படுகின்றன. அங்கேதான் கணக்கு கெடுகிறது.

மார்பகத்துக்கு இன்னொரு எஜமானும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். 1896லேயே கிளாஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துவிட்டால் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். ஹார்மோன் என்ற வார்த்தையே அப்போது கிடையாது. வயிற்றில் இருக்கிற உறுப்பை எடுத்தால் மார்பில் இருக்கிற கட்டி ஏன் கரைய வேண்டும் என்பதற்குச் சரியான விடை கிடைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்பவர், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டினார். அதுதான் ரிப்போர்ட்டில் வரும் ஈ.ஆர். அடுத்த வரியில் உள்ள பி.ஆர். புரோஜெஸ்டிரோன் ஏற்பி. அது ஈ.ஆருக்குத் துணை சாட்சி மாதிரி. அது இருந்தால் ஈ.ஆர். உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சரி, ஈஸ்ட்ரோஜனுக்கும் வளர்ச்சிக் காரணிக்கும் என்ன தொடர்பு? இதை ஆராய ஒரு செல் தேவைப்பட்டது. மனிதப் புற்றுநோய்ச் செல்லை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் சில நாளில் செத்துவிடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 69 வயதான ஒரு கன்னியாஸ்திரிக்கு மார்பகப் புற்றுநோய் நுரையீரல் பக்கம் பரவி, நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருந்தது. அந்த நீரிலிருந்து எடுத்த செல்களை டெட்ராய்ட் நகரத்தில் மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷனில் ஹெர்பர்ட் சூல் என்பவரும் அவருடைய சகாக்களும் வளர்த்தார்கள். அவை சாகவில்லை, வளர்ந்துகொண்டே போயின. 1973ல் அதைப் பற்றி எழுதினார்கள். நிறுவனத்தின் பெயரை வைத்தே எம்.சி.எஃப்-7 என்று அழைக்கிறார்கள். அந்த அம்மா 1970லேயே காலமாகிவிட்டார். அவருடைய செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அவரால் வந்தது. பிள்ளைகுட்டி இல்லாத ஒரு துறவி அம்மா எத்தனை கோடிக் குடும்பங்களுக்கு உபகாரம் செய்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எம்.சி.எஃப்-7 செல்லில் ஈ.ஆர். நிறைய உண்டு. சினைப்பை எடுத்த எலியின் உடம்பில் இந்தச் செல்லை வைத்தால் கட்டி வளராது, ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் வளரும். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்க் லிப்மன், ராபர்ட் டிக்சன் ஆகியோர் ஒரு காரியம் செய்தார்கள். தட்டில் உள்ள செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, அவை வெளியிடும் கசிவைத் தனியாகச் சேகரித்தார்கள். அந்தக் கசிவை மட்டும் சினைப்பை இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே கட்டி ஓரளவுக்கு வளர்ந்தது. ஓரளவுக்குத்தான், முழுமையாக அல்ல. இது 1986ல் வெளியானது. அந்தக் கசிவில் இருந்தவை வளர்ச்சிக் காரணிகள். ஈஸ்ட்ரோஜன் உத்தரவு வந்ததும் புற்றுநோய்ச் செல் தனக்குத் தேவையான வளர்ச்சிக் காரணியைத் தானே தயாரித்து, வெளியே விட்டு, தன் கவுண்டரிலேயே தானே வாங்கிக்கொள்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வங்கியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், வவுச்சர் எழுதுகிறவர் ஒருவர், பாஸ் பண்ணுகிறவர் இன்னொருவர். எழுதியவரே பாஸ் பண்ணக் கூடாது. இந்த ஒரு விதி இருக்கிறதனால்தான் வங்கி நிற்கிறது. பெரிய மோசடிகளைப் பிரித்துப் பார்த்தால், எங்கேயோ ஒருவர் இரண்டு பேனாவையும் கையில் வைத்திருந்திருப்பார். புற்றுநோய்ச் செல் செய்வதும் அதுவே.

இனி மூன்றாவது வரி, ஹெர்-2. ஈ.ஜி.எஃப். வவுச்சரை வாங்கும் கவுண்டரின் குடும்பத்தில் இது இரண்டாவது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதற்கென்று தனி வவுச்சர் கிடையாது. பக்கத்துக் கவுண்டரோடு ஜோடி சேர்ந்துதான் வேலை செய்யும். சாதாரண செல்லில் இந்த ஜீன் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. சில மார்பகப் புற்றுநோய்களில் இந்த ஜீன் பத்து, இருபது பிரதி என்று பெருகிவிடும். ஏற்பிகள் செல்லின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு நெரிசல் வந்தால் வவுச்சர் வராமலேயே ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து உள்ளே உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்த ஜீனின் முதல் தடயத்தைக் கண்டவர்களில் ஓர் இந்தியர் உண்டு. 1982ல் பாஸ்டன் பக்கம் ராபர்ட் வைன்பெர்க் ஆய்வுக்கூடத்தில், எலியின் நரம்புக் கட்டியில் இதைப் பார்த்தவர் லட்சுமி சரண் பாதி. பின்னாளில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆனால் அதை மருந்தாக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்சல் உல்ரிக் மனிதனுடைய ஜீனைத் தனியாகப் பிரித்தெடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் டெனிஸ் ஸ்லேமன் என்ற டாக்டர் வெவ்வேறு கட்டிகளின் மாதிரிகளைச் சேகரித்து வைத்திருந்தார். இருவரும் கைகோத்தார்கள். 1987ல் 189 மார்பகக் கட்டிகளைப் பரிசோதித்து ஸ்லேமன் வெளியிட்ட கட்டுரையில், 30 சதவீதக் கட்டிகளில் இந்த ஜீன் பெருகியிருந்ததாகவும், அப்படிப் பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியதாகவும், ஆயுள் குறைந்ததாகவும் எழுதினார். இன்றைய பரிசோதனைகளில் இந்த விகிதம் 15 முதல் 20 சதவீதம் வரை என்கிறார்கள்.

அந்தக் கவுண்டரை அடைக்க ஒரு எதிர்ப்புப் புரதம் தயாரித்தார்கள். அதுதான் ட்ராஸ்டுசுமாப். ஹெர்செப்டின் என்றால் சிலருக்குத் தெரியும். ஆராய்ச்சிக்குப் பணம் போதவில்லை. நிறுவனமே ஒரு கட்டத்தில் புற்றுநோய் மருந்தில் ஆர்வம் இழந்திருந்தது. லிப்ஸ்டிக் விற்கும் ரெவ்லான் கம்பெனி ஸ்லேமனுக்குப் பணம் கொடுத்தது என்பது ஒரு விசித்திரம். 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் பரவியவர்களுக்குக் கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுள் நடுவளவாக 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதம் ஆயிற்று. ஐந்து மாதம்தானே என்று தோன்றும். ஆனால் 2005ல் வந்த முடிவுகள்தான் பெரியவை. நோய் பரவுவதற்கு முன்பே, அறுவை சிகிச்சை முடிந்த கையோடு ஒரு வருஷம் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு காலத்தில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டாக்டர்களே முகத்தைத் தொங்கப்போடுவார்களாம். இன்றைக்கு அப்படி இல்லை. இது இதயத்தைச் சற்றுப் பாதிக்கக்கூடிய மருந்து, அதனால் அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

எல்லா வளர்ச்சிக் காரணியையும் அடைத்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ரத்தக்குழாயை வளர்க்கும் காரணி ஒன்று உண்டு, வி.இ.ஜி.எஃப். கட்டிக்கு ரத்தம் போகாமல் செய்தால் அது பட்டினியில் சாகும் என்ற எண்ணத்தில் பெவாசிசுமாப் என்ற மருந்தை 2008ல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அவசரமாக அனுமதித்தார்கள். ஆயுள் கூடவில்லை, பக்க விளைவு மட்டும் மிச்சம் என்று தெரிந்து 2011ல் அந்த அனுமதியை ரத்து செய்தார்கள். வேறு புற்றுநோய்களுக்கு அது இன்னும் பயன்படுகிறது. காகிதத்தில் அழகாக இருக்கும் திட்டமெல்லாம் வசூல் ஆவதில்லை.

இப்போது என் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் சம்மதித்துத்தான் சொல்கிறேன். "யாருக்காவது உபயோகப்பட்டால் சொல்லு அண்ணா, ஆனால் என் பெயரைச் சொல்லாதே" என்றாள்.

அவள் இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம். ஏழு வருஷத்துக்கு முன்னால், அப்போது அவளுக்கு 57 வயது, இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. அங்கே ஒரு நர்சிங் ஹோமில் காட்டினார்கள். பெயர் வேண்டாம். "சின்னக் கட்டிதான், எடுத்துவிடலாம்" என்று ஊசி போட்டுப் பார்க்காமலேயே நேராக அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியை ஒரு பாட்டிலில் சலைன் ஊற்றிப் போட்டு, மாப்பிள்ளை கையில் கொடுத்து, "பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் மறுநாள் காலையில் பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தது. பத்து நாள் கழித்து மூன்று வரித் தாள் வந்தது. மூன்றும் நெகட்டிவ்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையும் கிடையாது, ஹெர்-2 மருந்தும் கிடையாது. அடைப்பதற்கு நமக்குத் தெரிந்த கவுண்டர் எதுவும் இல்லை என்று பொருள். கீமோ ஒன்றுதான் அப்போது வழி. நம் நாட்டில் இந்த வகை மேல்நாடுகளைவிட அதிகம், அதுவும் இளவயதுப் பெண்களிடம். என் தங்கை வீட்டில் அழுகை. மாப்பிள்ளை நிலத்தை விற்பதா வேண்டாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

சென்னைக்குக் கூட்டிவந்து ஒரு புற்றுநோய் நிபுணரிடம் காட்டினோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "கட்டியை எதில் போட்டு அனுப்பினார்கள்?" மாப்பிள்ளை, "பாட்டில்ல தண்ணி மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் வாங்கி வாருங்கள்" என்றார்.

மெழுகுக் கட்டி என்றால், எடுத்த சதையைப் பதப்படுத்தி மெழுகில் பதித்து ஒரு சின்னச் சதுரமாக வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். அதிலிருந்து மெல்லிசாகச் சீவித்தான் எல்லாப் பரிசோதனையும் செய்வது. அதை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தோம். இங்கிருந்த நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்கு என் நன்றி. புற்றுநோய்க்குப் பக்கத்திலேயே நல்ல பால் குழாய்கள் கொஞ்சம் இருந்தன. ஈ.ஆர். சாயம் போட்டால் நல்ல குழாயில் உள்ள செல்கள் சிலவாவது பழுப்பு நிறமாக வர வேண்டும். அவற்றில் இயல்பாகவே ஈ.ஆர். உண்டு. இங்கே நல்ல குழாயிலும் ஒன்றும் நிறம் ஏறவில்லை. "நல்ல செல்லே நெகட்டிவ் என்று சொல்கிறது சார். அப்படியென்றால் சோதனையே செல்லாது" என்றார். ஒரு கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே நமக்குச் சரியாகத் தெரிந்த கணக்கின் பேலன்ஸே தப்பாக வந்தால், மற்ற பேலன்ஸையும் நம்ப முடியாது. எனக்கு அது நொடியில் புரிந்தது.

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை அந்த நிமிஷத்திலிருந்தே கெட ஆரம்பிக்கிறது. அதில் உள்ள ஏற்பிப் புரதங்கள் சிதைகின்றன. ஃபார்மலின் என்ற திரவத்தில் போட்டால்தான் அப்படியே உறைந்து நிற்கும். சலைன் அதைச் செய்யாது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டியென்றால் அறுத்துத் திறந்து போட வேண்டும், இல்லாவிட்டால் திரவம் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. என் தங்கையின் கட்டி ஏறக்குறைய 20 மணி நேரம் சலைனில் கிடந்தது. ஒரு பாட்டில் ஃபார்மலின் என்ன விலை? ஒரு சாப்பாட்டு விலைகூட இருக்காது.

நல்லவேளையாக, அவளுக்கு இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஓரங்களில் மிச்சமும் அக்குளில் நிணநீர் முடிச்சுகளும் எடுத்தார்கள். இந்த முறை ஒழுங்காக ஃபார்மலினில். ஒரு முடிச்சில் நோய் இருந்தது. அதில் சோதித்தபோது ஈ.ஆர். 90 சதவீதம் பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 வெறும் 1+. பெரிய டாக்டர் முகத்தில் அன்றுதான் தெளிவு வந்தது. கீமோவும் கதிரியக்கமும் முடிந்த பிறகு தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. அது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறுவதைக் குறைக்கும் மருந்து, மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கொடுப்பது. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பொதுவாக டாமாக்சிஃபென், அது ஈ.ஆர். கவுண்டரை மறித்து உட்கார்ந்துகொள்ளும். பிரிட்டனில் 1973லேயே வந்த பழைய மருந்து அது. இரண்டும் நிலத்தை விற்று வாங்க வேண்டிய மருந்துகள் அல்ல. தங்கை நன்றாக இருக்கிறாள். மூட்டு வலிக்கிறது என்று மாத்திரையைத் திட்டுவாள், எலும்பு உறுதியை அவ்வப்போது பார்க்கிறார்கள். முதல் தாளை நம்பியிருந்தால் இந்த மாத்திரை அவளுக்குக் கிடைத்தே இருக்காது.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், டாக்டரிடம் பயப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. கட்டியை நேராக எடுப்பதற்கு முன் தடித்த ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கப் போகிறீர்களா என்று கேளுங்கள். அதிலேயே மூன்று வரியும் தெரிந்துவிடும், சிலருக்கு மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் அறுவை சிகிச்சை செய்வது நல்லது என்பார்கள். எடுத்ததை எதில் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்காதீர்கள். கவுண்டரில் பணத்தை எண்ணிப் பார்த்து வாங்குகிற வாடிக்கையாளரிடம் நாங்கள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

ஹெர்-2 வரியில் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் தீர்ப்பு ஒத்திவைப்பு. ஃபிஷ் என்று இன்னொரு சோதனை செய்ய வேண்டும். அது புரதத்தை விட்டுவிட்டு ஜீன் பிரதிகளையே எண்ணுகிறது. ஹெர்-2 ஜீன் உட்கார்ந்திருக்கிற 17ஆம் குரோமோசோமோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் கொடுப்பார்கள், 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பது பொதுவான கணக்கு. காமர்ஸ் படித்தவர்களுக்குக் கரண்ட் ரேஷியோ 2:1 ஞாபகம் வரும். அந்தச் சோதனைக்குச் சில ஆயிரம் ஆகும். "எப்படியும் கீமோதானே, அது எதற்கு?" என்று உறவினர்கள் சொல்வார்கள். 2+ என்று வந்துவிட்டு ஃபிஷ் செய்யாமல் விட்டால், அந்த ரிப்போர்ட் பாதி எழுதிய ரிப்போர்ட். இப்போது 1+, 2+ உள்ளவர்களுக்கும் நோய் பரவிய நிலையில் பயன்படும் ஒரு புது மருந்து வந்திருக்கிறது, ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான். 2024 மத்திய பட்ஜெட்டில் சுங்கவரி விலக்கு கொடுத்த மூன்று புற்றுநோய் மருந்துகளில் அதுவும் ஒன்று. விலை இன்னும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம்தான்.

பழைய ட்ராஸ்டுசுமாப் கதை வேறு. 2014 ஜனவரியில் பெங்களூரு பயோகான் நிறுவனம் அதற்கு இணையான மருந்தை இந்தியாவிலேயே விற்கத் தொடங்கியது. 2015ல் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் பிறகு வேறு கம்பெனிகளும் வந்துவிட்டன. போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது பி.காம். முதல் வருஷப் பாடம், இங்கே அது உயிரைக் காப்பாற்றுகிற பாடமாகிவிட்டது. இந்தியத் தயாரிப்பு என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், அனுமதி பெற்ற மருந்தா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்த மெழுகுக் கட்டி. வீட்டுப் பத்திரத்தில் தாய்ப் பத்திரம் மாதிரி அது. ஆய்வகத்தில் எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஊருக்குச் சிகிச்சைக்குப் போனால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். பல வருஷம் கழித்து நோய் வேறு இடத்தில் திரும்பினால், முடிந்தவரை அங்கிருந்தும் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குள் ஏற்பிகள் மாறியிருக்கலாம்.

சி பிளாக்கிலிருந்து ஒரு மாமி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். "ஆண்களுக்கும் இது வருமா?" வரும். நூற்றில் ஒன்று ஆண்களுக்கு. அவர்களுக்குப் பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவ்தான். "இங்கே என்ன இருக்கிறது" என்று சட்டைக்குள் தட்டுப்படும் கட்டியை அலட்சியப்படுத்தி, தாமதமாகத்தான் காட்டுகிறார்கள். பின் வரிசையில் சிரிக்கிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் தங்கையின் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பெயரை மறைத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். என் ஃப்ளாட்டுக்கும் மாலை ஐந்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், லிஃப்ட் சரியாகிவிட்டது என்று செயலாளர் சொல்கிறார். காபி வந்துவிட்டது.